சிவக்க மறுத்த ஆரத்தி

கல்யாணம் முடிந்து, ராத்திரி முழுக்கத் தூங்காத கண்களோடு நானும் கவிதாவும் இன்று காலை பெங்களூரு ஈஜிபுரா வீட்டு வாசலில் நின்றோம். மெல்லிய தூறல். எல்லாமே கனவு போல இருந்தது.

பெரியம்மா பித்தளைத் தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பைக் கலக்கினார். சிவக்க வேண்டிய ஆரத்தி மஞ்சளாகவே இருந்தது.

"மொதல் நாளே இப்படியா?" யாரோ முணுமுணுத்தார்கள். பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது.

பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுக்கும் கவிதா, குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்: "அத்தை, தட்டைப் புளி போட்டுத் தேச்சீங்களா?"

"ஆமாம்மா, பளபளன்னு இருக்கட்டும்னு. அவசரத்துல சரியா அலசல."

"அந்தப் புளிதான் சுண்ணாம்பை வேலை செய்ய விடல. அது ஆசிட், இது பேஸ். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்க, சிவந்துடும்."

போட்டார். விரல் பட்ட இடத்தில் ஒரு சிவப்பு பிறந்து, அவசரமே இல்லாமல் தட்டு முழுக்கப் பரவியது. உள்ளே போக வேண்டும் என்பதையே மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுற்றி முடித்ததும் பெரியம்மா என் காதோடு சொன்னார்: "வாசல்ல நின்னுக்கிட்டே சமையல்கட்டுல நடந்ததைச் சொல்லிட்டாடா. பார்த்து நடந்துக்கோ."

பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கண்டுபிடிக்க அவளுக்கு எவ்வளவு நேரமாகும், சொல்லுங்கள்?