இதயத்தைத் தொடாத மருந்து

எங்கள் தொழிலில் ஒரு மருந்து எதை அடைக்கிறது என்று காட்டுவது சுலபம். வேறு எதையும் அடைக்கவில்லை என்று காட்டுவதற்குள் தலை நரைத்துவிடும். ஆய்வகத்தில் ஒரு நாளாவது, உயிரணுவின் மின்னோட்டத்தை அளக்கும் கண்ணாடி ஊசியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சேர்ந்து புலம்புவதில் ஒரு சுகம் இருக்கிறது.

வாசல் காவல்

ஆய்வகம் ராஜபாளையத்தில், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஓய்வுபெற்ற ஏட்டையா என் வேலையை விசாரித்தார். உயிரணுவின் சுவரில் உப்புகள் போய்வரச் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு, வலி மருந்து நரம்பில் உள்ள சோடியம் வாசலை மட்டும் அடைக்க வேண்டும், இதயத்தின் பொட்டாசியம் வாசலையும் சேர்த்து அடைத்தால் துடிப்பு தாறுமாறாகிவிடும் என்று, கேட்டதற்கு மேலேயே விளக்கினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தேர் டூட்டியில எனக்கும் ஒரு தெருவ மட்டும் அடைக்கச் சொல்லுவாவ. நான் அம்புட்டுத் தெருவையும் அடைச்சிருவேன் சார், அதுதான் லேசு."

அளவுக்கு மீறிய நல்ல சேதி

எங்கள் வேதியியலாளர் ஜெயராணி ஒரு வலி மருந்து செய்திருந்தார். அவருடைய முந்தைய மருந்துகளெல்லாம் இதயத்திடம் தோற்றவை. இதுவும் தோற்றால் வலி மருந்து ஆராய்ச்சியையே மூடிவிடப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். சோதனையில் உயிரணுக்களுக்குக் கொஞ்சம் கொடுத்ததுமே நரம்பின் வாசல் அடைபட்டது. எவ்வளவு கொடுத்தாலும் இதயத்தின் வாசல் அசையவில்லை. ஆய்வகமே பால்கோவா தின்றது. இவ்வளவு சுத்தமாக ஒரு மருந்து இருக்க முடியுமா என்று நான் மட்டும் முனகிக்கொண்டிருந்தேன். ஜெயராணி சொன்னார்: "செத்த நேரம் சந்தோஷப்பட்டுக்கிடுதேன் சார், பொறவு சந்தேகப்படுங்க."

குழாய்

சந்தேகத்துக்குக் காரணம் கிடைத்தது. நரம்புச் சோதனை நடந்தது பழைய கருவியில். அதில் மருந்து கண்ணாடிக் குழாய் வழியே போகும். இதயச் சோதனை, முத்துக்குமார் பார்த்துக்கொள்ளும் புதுக் கருவியில். அதில் பிளாஸ்டிக் குழாய். ஜெயராணியின் மருந்தோ எண்ணெய்ப்பசை உள்ளது, பிளாஸ்டிக்கைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். குழாயின் முனையில் சொட்டியதைச் சோதித்தேன். மருந்தைக் கரைத்த உப்புத் தண்ணீர்தான் வந்தது, மருந்து பெரும்பாலும் இல்லை.

ஆக, மருந்து இதயத்தைத் தொடவில்லை என்பது உண்மைதான். போய்ச் சேர்ந்தால்தானே தொடும்? முத்துக்குமார் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்போ இந்தக் குழாய்க்கு எங்க வலிச்சாலும் தெரியாது சார்."

மறுபடியும்

கண்ணாடிக் குழாய் மாட்டி மறுபடி சோதித்தோம். திரையைப் பார்க்க மாட்டேன் என்று ஜெயராணி சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நரம்பை அடைத்த அதே அளவு கொடுத்தோம், இதயம் அசையவில்லை. பத்து மடங்குக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. முப்பது மடங்கையும் தாண்டிய பிறகுதான் இதயத்தின் வாசல் பாதி மூடியது. அவ்வளவு இடைவெளி இருந்தால் மருந்து பிழைத்துக்கொள்ளும் என்று உரக்கச் சொன்னேன். ஜெயராணி திரும்பி, "எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டு முதலாளி வந்தார். விளக்கம் முழுவதையும் கேட்டு, ஆராய்ச்சி நடக்கட்டும் என்றார். வாசல் வரை போய்த் திரும்பி நின்று கேட்டார்: "போன வாரம் இதயத்தைத் தொடவே இல்லன்னிய. இன்னைக்குத் தொடுதுங்கிய. இதுக்கா சிரிக்கிய?"

குறையே இல்லை என்றால் முகம் வாடி, குறை இவ்வளவுதான் என்றால் முகம் மலர்கிற எங்களுக்குப் பெண் கொடுக்க ஊர் ஏன் யோசிக்கிறது என்பது இப்போது எனக்கே விளங்குகிறது.