முதல் விரிப்பு

அந்தச் சலவைக் கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ஹாரன். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுருக்கம் எடுத்து அனுப்பும் இடம் அது. அத்தனை இயந்திரமும் ஒன்றாக உறுமும்போதுகூட இந்தக் கோடியிலிருந்து அவள் "ஏய், முனைய இழுத்துப் புடிடி!" என்றால், அந்தக் கோடியில் நிற்பவளுக்குத் தூக்கம் கலைந்துவிடும். வாய்தான் அப்படி. மனசு தங்கம்.

உதாரணத்துக்குத் தம்பி கதையைச் சொல்கிறேன். கூடப்பிறந்த தம்பி இல்லை. மூட்டை தூக்க வந்தவன், "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டான். ஒருமுறை அவன் உருளையின் சூட்டைக் கூட்டிவைத்துவிட்டு மறந்துபோனதில், விரிப்பெல்லாம் தீய்ந்து போனது. "நான்தான் சார் திருகினேன்" என்று முன்னால் போய் நின்று திட்டு வாங்கியவள் இவள். பிறகு அவன் மேற்பார்வையாளன் ஆனபோது, தனக்கே பதவி கிடைத்த மாதிரி பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அசடு!

ஈர விரிப்புகளைத் தள்ளுவண்டியிலிருந்து தூக்கித் தூக்கி ஒருநாள் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துப் பார்த்தாள், பல்லைக் கடித்துப் பார்த்தாள். கடைசியில் முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை வரை போய்விட்டது. ஆறு மாதம் வேலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்றார் டாக்டர். வேலை நிரந்தரமானவர்கள் நெடுநாள் படுத்துவிட்டால், டாக்டர் சொல்லும் நாள்வரை சம்பளம் நிற்கக்கூடாது என்பது விதி. கண்பார்வை மங்கி வண்டி ஓட்டுவதை விட்டுவிட்ட கணவன், பள்ளிக்கூடம் போகும் மகள், வாடகை வீடு. அந்த வீட்டுக்குள் வருகிற காசு அவளுடைய சம்பளம் ஒன்றுதான். அது வந்துகொண்டிருந்ததால்தான் அவளால் நிம்மதியாகக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஊரைத் திட்ட முடிந்தது.

அப்போதுதான் தம்பி போன் செய்தான்.

"அக்கா, புது மிஷின் வந்து இறங்கியிருக்கு. முதல் விரிப்ப நீங்கதான் விடணும்."

இது அந்தக் கூடத்தின் பழைய வழக்கம். புது இயந்திரம் வந்தால், இருப்பவர்களிலேயே மூத்த கைதான் முதல் விரிப்பை உள்ளே விடும். வேறு யாராவது விட்டால் மிஷின் ராசியில்லாமல் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. இத்தனை வருஷத்தில் அந்த முறை இப்போதுதான் அவளுக்கு வந்திருக்கிறது.

"லீவுல இருக்கிறவ எதுக்கு அங்க போற? வம்ப விலைக்கு வாங்காத" என்றான் கணவன்.

"நீங்க சும்மா இருங்க. என் தம்பி கூப்பிடுறான். போகலன்னா நல்லாவா இருக்கும்?"

இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டி, மேலே நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு போனாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து, உதறி, உருளைக்குள் விட்டாள். மறுபக்கம் சுருக்கமில்லாமல் வந்து விழுந்தது. ஒரே கைதட்டல். தம்பி போனில் படம் பிடித்தான். அவளும் வாயெல்லாம் பல்லாக நின்றாள். அதற்குப்பின் இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டுபோய் அவளை வண்டியில் ஏற்றியதும், வீட்டில் அவள் புரண்டு படுக்க முடியாமல் அழுததும் அந்தப் படத்தில் இல்லை.

அடுத்த மாதம் சம்பளம் வரவில்லை. கேட்டதற்கு, நேரில் வா என்றார்கள்.

மேனேஜர் தன் போனை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதில், தம்பி எடுத்த படத்தில், அவள் சிரித்துக்கொண்டே விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

"நின்னு வேலை செய்யுறீங்க. அப்புறம் என்னம்மா நோய் விடுப்பு? திங்கட்கிழமை வேலைக்கு வாங்க. இல்லன்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இது ஒரு விஷயமா? "சார், அது மரியாதைக்கு விட்ட ஒரே ஒரு விரிப்பு. தம்பிதான் வரச் சொன்னான். கேட்டுப் பாருங்க, இதோ நிக்கிறான்ல!"

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். "விடுப்புல இருக்கிறவங்கள நீயா உள்ள கூப்பிட்டே?"

தம்பி தரையைப் பார்த்தான். "இல்ல சார். அக்காதான் உடம்பு தேவலை, சும்மா இருக்க முடியலன்னு அவங்களாவே வந்தாங்க. நல்லாத்தான் வேலை செஞ்சாங்க."

எத்தனையோ பேர் அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். அதெல்லாம் பெரிதில்லை. இவன் சொன்னது நெஞ்சில் இறங்கியது. 'டேய், என் முகத்தப் பாத்துச் சொல்லுடா' என்று கத்த நினைத்தாள். வாய் எழவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே நடைபாதைக்கு வந்தாள். இடது கால் வெடவெடவென்று ஆடியது. பின்னாலேயே காலடிச் சத்தம். தம்பி எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா, உக்காருங்க. நிக்காதீங்க, வலி உயிர் போகும். நான்தான் கூப்பிட்டேன்னு சொன்னா என் வேலைக்கே உலை வச்சிடுவாங்கக்கா. எனக்கு வேற வழி தெரியல."

"எனக்கு வலி உயிர் போகும்னு உனக்குத் தெரியுது."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

அவன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினான்.

பாவி! அதை எட்டி உதைத்துவிட்டு, தலை நிமிர்ந்து படியிறங்கிப் போய்விட வேண்டும் என்றுதான் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கால் கேட்கவில்லை. அவன் போட்ட நாற்காலியிலேயே, அவன் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டே, அவள் உட்கார வேண்டியதாயிற்று.