அண்ணன் உரிக்க வேண்டிய அட்டை

பூச்சி அரிக்காமலிருக்க ஒரு துளி மயில்துத்தம் சேர்த்து இன்று காலை மைதாப் பசை காய்ச்சினேன். அந்த வாடை எழுந்ததுமே, அச்சரப்பாக்கத்தில் லாரிகள் போகும்போதெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்த எங்கள் ஓட்டு வீடும் அதன் மரக்கதவும் கண்முன் வந்து நின்றன.

சர்ச்சில் புத்தாண்டு ஆராதனையின்போது பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஆளுக்கொன்று எடுத்துவந்து கதவின் உட்பக்கம் ஒட்டுவது எங்கள் தெரு வழக்கம். நிறைவேறியதை உரித்து, அறுப்பின் பண்டிகையன்று நெல்லோடும் பூசணிக்காயோடும் கோயிலில் வைப்பார்கள். கிளீனராக லாரியேறிப் போன அண்ணன் திரும்பி வராத வருடம் அம்மா எடுத்தது, பிள்ளைகள் வீடு திரும்புவதைப் பற்றிய வசனம். வருடாவருடம் பசை காய்ச்சி அதன் ஓரங்களை அழுத்திவிடுவாள். வெளியே லாரி நின்றால் அவள் கையும் அப்படியே நின்றுவிடும்.

"இன்னும் இன்னாத்துக்கும்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆண்டவரு சொல்லிக்கீறாரு. எப்போன்னுதான் சொல்லல" என்றாள்.

சாலையை அகலப்படுத்த வீட்டை இடித்தபோது, கதவை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். போன மாதம், சாவதற்கு இரண்டு நாள் முன்பு சொன்னாள்: "அந்த அட்டய எங்கூட பொட்டியில வெச்சுடாத. உங்கண்ணன் வந்து அவங் கையால உரிக்கணும்."

நான் கோயிலுக்குப் போய்ப் பல வருடமாகிறது. அண்ணன் வருவான் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. இந்த மழையில் அட்டையின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். பசை தொட்டு அதை அழுத்தும்போது கீழே தெருவில் ஒரு லாரி வந்து நின்றது.

என் கை அப்படியே நின்றுவிட்டது.