சாந்தாமணி அக்கா பின்சீட்டைத் தூக்கிப் பார்த்த நாள்

நம் வேனில் வருகிற அக்கா தங்கச்சிகளே, இந்த ராத்திரி நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மகிழன் இப்போதுதான் தூங்கினான். பகலில் எழுத உட்கார்ந்தால் யாராவது வந்து அக்காவைப் பற்றி ஏதாவது சொல்கிறார்கள், அப்புறம் கை ஓடுவதில்லை. விடிந்தால் நம் வீட்டு ஆண்கள் அந்த வெள்ளை வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்க மூலனூருக்குப் புறப்படுகிறார்கள். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அக்கா இறந்த செய்தி எனக்கு ரெஜினாவின் போனில் வந்தது. என் பையன் மகிழனுக்குக் காய்ச்சல், அன்று நான் வேலைக்குப் போகவில்லை. தாராபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து நம்மையும், கம்பெனிக் காப்பகத்தில் விடுகிற பிள்ளைகளையும் திருப்பூர் மண்ணரைக்கு அடைத்துக்கொண்டு போகுமே அந்தக் காண்ட்ராக்ட் வேன், பின் டயர் வெடித்துப் பள்ளத்தில் உருண்டுவிட்டது. ரெஜினா பள்ளத்துக்குள்ளிருந்தே பேசினாள். பின்னால் பிள்ளைகள் அலறுகிற சத்தம். "அக்காவ எத்தன தடவ கூப்பிட்டாலும் கண்ணு முழிக்க மாட்டேங்கறாங்க. நீ கூப்பிட்டுப் பாரு, உன் பேச்சுன்னா திரும்புவாங்க" என்று போனை அக்காவின் காதில் வைத்தாள். நான் கூப்பிட்டேன். ரெஜினா போனைத் திரும்ப எடுக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அக்காவைச் சாந்தமானவர் என்று யாரும் சொல்ல முடியாது. பேரில் மட்டும்தான் சாந்தம் என்று அவரே சிரிப்பார். நம் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. நான் அலுவலகத்தில் ஆர்டர் பார்ப்பவள், தினமும் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டும். வெளியே தைக்கக் கொடுத்த பனியன் வந்தால், அளவு பார்ப்பதற்கு முன் தோள் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். பிரிந்தால் அதோடு விடமாட்டார். முழுசாகக் கிழித்து, தைத்துக் கொண்டுவந்தவர் மடியில் போடுவார். "நம்ம கையிலயே கிழியட்டுங்க. போட்டவன் மேல கிழிய வேண்டாம்." ஷிப்மெண்ட் போகாது என்று நான் அழுதிருக்கிறேன். "அழுது முடிச்சுட்டு வா கண்ணு, அடுத்த பண்டலப் பிரிக்கலாம்" என்பார்.

வேன் டிரைவர் போன் பேசிக்கொண்டே ஓட்டிய நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்கா மூன்று முறை மரியாதையாகச் சொன்னார். "அண்ணா, போனை வைங்க. அண்ணா, பிள்ளைக இருக்குதுங்க." நாலாவது முறை சொல்லவில்லை. எட்டி அவன் கையிலிருந்து பிடுங்கி ஜன்னல் வழியே வீசினார். எதிரே வந்த லாரி அதன்மேல் ஏறிப்போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்று சாயங்காலம்தான், நமக்கென்று சேர்ந்து ஒரு பழைய எட்டு சீட்டு வண்டி வாங்கிவிடலாம் என்று பேச்சு எழுந்தது.

மூலனூர் முருங்கை மண்டிக்குப் பின்னால் புரோக்கரின் ஷெட்டில் அந்த வெள்ளை வண்டி நின்றது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது, ஒரே குடும்பம் வைத்திருந்தது என்றார். பெயிண்ட் பளபளத்தது. ஏசி போட்டதும் மகிழன் சிரித்தான், எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அக்கா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஏறினார். "விக்கறவன் மூஞ்சியப் பாக்காத, பின்சீட்டப் பாரு." கதவு ரப்பரை உரித்தார். ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்தார். முன் பெல்ட்டெல்லாம் வெளுத்து நூல் பிரிந்திருக்க, கடைசி வரிசையில் மட்டும் கருகருவென்று புது பெல்ட். பின்சீட்டைத் தூக்கி, தரை விரிப்பைக் கிழித்தார். அடியில் காய்ந்த பழுப்புக் கறை, சீட்டின் கால் வரைக்கும்.

"அது கெடா வெட்டுன ரத்தமுங்க சாமி" என்றார் புரோக்கர். "வண்டி எடுத்தப்ப முனியப்பனுக்குக் காவு குடுத்து உள்ள தெளிச்சது. அதக் கழுவக் கூடாதுங்க."

நாம் என்ன செய்தோம்? காவு என்று கேட்டதும் செருப்பைக் கழற்றினோம். கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மாதா படத்தைப் பர்ஸில் வைத்திருக்கிற ரெஜினாகூட ஓரடி பின்னால் போனாள். சாமி காரியம், அதற்குமேல் யார் நோண்டுவது? வெட்டிய இடத்தில் கேள்வி கேட்டு நமக்குப் பழக்கமில்லை.

அக்கா செருப்போடுதான் நின்றார். கடைசி சீட்டுக்கு மேலே கூரைத் துணியின் ஓரத்தில் நகத்தை விட்டு ஒரே இழுப்பு. துணியின் உள்பக்கமும் அதே பழுப்பு, சிதறலாக. அதில் நீளமான தலைமுடி ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, கெடா பறந்துச்சுங்களா?"

புரோக்கர் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அக்கா கையில் பெல்ட்டின் இரும்புக் கொக்கி இருந்தது, அதாலேயே அவர் தாடையில் ஒன்று வைத்தார். ஷெட்டிலிருந்து ஓடிவந்த ஆள் அக்காவைக் கதவோடு சேர்த்து அறைந்தான். உதடு கிழிந்து பல் தெரிந்தது. அக்கா எழுந்து வாயில் வழிந்த ரத்தத்தை அவர்கள் முன்னால் காறித் துப்பினார். "பாத்துக்கங்க. இது கெடா ரத்தமில்லீங்க." பிறகு டயர் மாற்றும் ஸ்பேனரை எடுத்து முன் கண்ணாடியை உடைத்துவிட்டு, நம்மைப் பார்த்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க" என்றார். வழியெல்லாம் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தார். "என் கல்யாணத்துல கூட இத்தன பேரு என்னப் பாக்கல கண்ணு." ஏன் அக்கா இவ்வளவு கோபம் என்று கேட்டேன். "கோவமில்லாமப் பாத்தா ஒண்ணும் கண்ணுல படாது" என்றார்.

அதனால்தான் நாம் பழைய வேனிலேயே போனோம். வேன் உருண்டபோது அக்கா, ரெஜினாவின் மகள் ஜெனியைச் சீட்டுக்கும் தன் உடம்புக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாராம். ஜன்னல் கண்ணாடி முழுவதும் அவர் முதுகில். பிள்ளையின் கவுனைப் பிடித்த விரல்கள் விடவில்லை, துணியைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள். ஜெனிக்குக் காதருகே ஒரு கீறல்.

எழவு வீட்டுக்கு அந்தப் புரோக்கரும் மாலையோடு வந்தார். தாடையில் அக்கா அடித்த காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. வாசலில் நம் ஆண்களோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "அந்த வெள்ள வண்டிய எடுத்திருந்தா அந்தக்கா உசுரோட இருந்திருக்கும்." இருந்திருக்கலாம். ஆனால் பெல்ட் அறுந்து யாரோ கூரையில் மோதிய அந்தக் கடைசி சீட்டில் உட்காரப்போவது நம் பிள்ளைகள். முன் கண்ணாடி மாற்றி, கூரைத் துணியும் புதிதாகப் போட்டாயிற்றாம். என் வீட்டுக்காரர் அதையும் ஒரு நல்ல சேதியாகச் சொன்னார்.

சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தேன். அவர் "நீ அந்தக்காளாட்டவே பண்ற" என்றார். "ஆமாங்க" என்றேன்.

எனக்கு இதுநாள்வரை பயம் மட்டும்தான் வரும். பையன் தும்மினால் பயம், வேன் குலுங்கினால் பயம். பயந்தவள் கண்ணை மூடிக்கொள்வாள். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. அது என் உடம்புக்குப் பழக்கமில்லாதது, ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாராபுரத்தில் இன்னொரு எட்டு சீட்டு வண்டி விலைக்கு இருக்கிறது. காலையில் நான் போய்ப் பார்க்கிறேன். பின்சீட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். உங்கள் வீட்டில் அட்வான்ஸைத் தடுத்து நிறுத்துங்கள், என்னோடு யார் வருகிறீர்கள் என்று இதைப் படித்ததும் பதில் போடுங்கள்.