அவருடைய மண்வெட்டி வரும் வரை

நாலாவதோடு படிப்பை விட்டவன் நான். மண்ணரை என்ற ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கி பனியன் கம்பெனி, நிட்டிங் யூனிட், பொங்கலூரில் தோட்டம் என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக உண்டாக்கினேன். என்னைக் காக்க வைத்த ஒரே மனிதர் என் பக்கத்துத் தோட்டக்காரர்.

ஒல்லியான ஆள். மண்வெட்டி சுமந்தே இடது தோள் இறங்கிவிட்டது. சாயங்காலம் மண்வெட்டியைக் கழுவித் துண்டால் துடைத்த பிறகுதான் தன் காலைக் கழுவுவார்.

போன மாதம் ஒரு காலையில் வாய்க்கால் கரை உடைந்து, அறுவடைக்கு நின்ற அவருடைய சின்ன வெங்காயத்தை நோக்கித் தண்ணீர் பாய்ந்தது. நான் வெட்டிப் போட்ட மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு போனது. ஓடி வந்தவரிடம் என் புது மண்வெட்டியை நீட்டினேன். ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எனக்குக் கை வராதுங்க. என்ற மம்பட்டி சாளை வீட்டுல கெடக்குது, எடுத்தாந்துர்றனுங்க."

"ஏனுங்க, வெங்காயம் அழுகிப் போயிருமுங்க! மம்பட்டியில என்னங்க உங்குளது, என்னுது?"

"அதுவரைக்கும் உடைப்புல உக்கோந்துக்குங்க. உங்க ஒடம்புக்கு ஒரு சொட்டுத் தாண்டாது."

வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தேன். முதுகில் தண்ணீர் மோதியது, அடியில் மண் கரைந்துகொண்டே போனது. நானும் போய்விடுவேன் என்று நினைத்தபோது வந்து சேர்ந்தார். என்னைச் சுற்றியே மண்ணை அணைத்துக் கரை கட்டி, பிறகு கைகொடுத்துத் தூக்கினார். வெங்காயம் தப்பியது.

என் புது இரும்பில் என்ன குறை என்று இன்னும் விளங்கவில்லை. டீக்கடையில் அவரையும் அவர் மண்வெட்டியையும்தான் புகழ்கிறார்கள். புகழட்டும். அது வரும் வரை தண்ணீரை நிறுத்தியது என் முதுகு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.