நாலு பரிமாணத்தில் விழுந்த முறுக்கு

எங்கள் தொழிலில் ஒரு வெளியை முறுக்குவது நிமிட வேலை. அந்த முறுக்கை அவிழ்க்கவே முடியாது என்று நிரூபிக்கத்தான் வருஷக்கணக்காகும்.

நான் பல்கலைக்கழகக் கணித விரிவுரையாளன். வீடு இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில். நாலு பரிமாணம் கொண்ட வெளிகளை, ஒரு மடிப்பும் விழாமல் எத்தனை விதமாகத் திருப்பி மறுபடி அவற்றின் மேலேயே பொருத்தலாம் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. "என்ன வேலை பார்க்கிறார்?" என்று யாராவது கேட்டால் வீட்டார் சட்டென்று பேச்சை மாற்றிவிடுகிற தொழில்களில் இருக்கும் சக துன்பப்பிராணிகளே, இது உங்களுக்காக எழுதுவது.

சலூனில் ஒரு நேர்முகப் பரீட்சை

எங்கள் சந்தியில் சலூன் வைத்திருக்கும் ராஜு, என்னிடம் ஒரு நாள் நாலாவது பரிமாணம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டார். கேட்டதே பெரிய சந்தோஷம். கழுத்தில் துணி கட்டியிருந்தாலும் கையை வெளியே நீட்டி விளக்கினேன். நீளம், அகலம், உயரம் மூன்று. அதோடு நேரத்தையும் சேர்த்தால் நாலு. ஒரு பரிமாணம் கூடினாலும் குறைந்தாலும் வராத விசித்திரங்கள் இந்த நாலில் வரும் என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

அவரும் கத்தரியை நிறுத்திவிட்டுக் கடைசி வரை கேட்டார். பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "அதெல்லாம் சரிங்க சேர். ஓ.எல் பரீட்சைக் கணக்கு வருமா உங்களுக்கு? மகளுக்கு டியூஷன் தேடிக்கிட்டு இருக்கேன்."

ஏலக்காய் டின்னும் சால்வையும்

விளக்கம் சொல்வதில் கெட்டிக்காரர் நானில்லை, ஃபஸ்மிலா மிஸ். எங்கள் துறையிலேயே விரிவுரையாளர், என் ஆராய்ச்சிக் கூட்டாளி. மாத்தளை டவுனில் அவருடைய வாப்பாவுக்கு மிளகு, ஏலக்காய் விற்கும் வாசனைச் சாமான் கடை. ஒரு சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது வாப்பா, "ரெண்டு பேரும் அப்படி என்னதான் செய்றீங்க?" என்று கேட்டார். மிஸ் ஒரு சால்வையை எடுத்து அதன் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். மறுமுனையைக் காலி ஏலக்காய் டின்னில் கட்டி, டின்னை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினார். சால்வை முறுக்கிக்கொண்டது. டின்னைத் திருப்பாமல், சால்வையை அதன் மேலும் கீழுமாக எப்படிக் கொண்டுபோனாலும் முறுக்குப் போகவில்லை. இப்போது அதே பக்கமாக இன்னொரு சுற்று. முறுக்கு இரட்டிப்பாகியது. பிறகு சால்வையை டின்னுக்குக் கீழால் ஒரு தடவை வளைத்து எடுத்தார். துணி தட்டையாகத் தொங்கியது!

எத்தனையோ முறை பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. எங்கள் நாலு பரிமாண முறுக்கும் இதே சாதிதான். இரண்டு வெளிகளை ஒட்டிய கழுத்தில் முழுதாக ஒரு சுற்று. இரண்டு தரம் செய்தால் தானே அவிழும். ஒரு தரம் செய்ததைக் கசக்கியும் மடித்தும் அவிழ்த்துவிடலாம். ஆனால் மடிப்பே விழாமல் அவிழ்க்க முடியுமா? நாங்கள் எடுத்துக்கொண்ட வெளியில் முடியாது என்பதுதான் எங்கள் தேற்றம்.

ஏலக்காய் வாங்க வந்த ரத்தோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் அதுவரை பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு தரம் சுத்தினத அவுக்க இன்னொரு தரம் சுத்தணுமா? நல்ல வேலதாங்க."

போயா நாள் எதிரிகள்

முறுக்கு அவிழாது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. அதற்காகப் பௌதிகக்காரர்களிடம் இரவல் வாங்கிய கருவிதான் கேஜ் தியரி. வெளியின் மேல் சில சமன்பாடுகளை விரித்துவிட்டு, எத்தனை தீர்வுகள் அகப்படுகின்றன என்று எண்ணுவோம். முறுக்கை ஆராய ஒரு வெளி போதாது. முறுக்கின் வழியாகச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே சேருகிற ஒரு முழு வரிசையிலும் எண்ண வேண்டும். எண்ணிக்கை பூச்சியமாக வராவிட்டால் முறுக்கு அவிழாது.

பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறைகளில் எங்கள் வீட்டு மேசையில்தான் இந்த எண்ணல் நடக்கும். எங்களிடம் ஒரு வழக்கம்: மிஸ்ஸின் கணக்கை நான் உடைக்கப் பார்ப்பேன், என் கணக்கை அவர். சும்மா இல்லை, ஜென்ம விரோதி மாதிரி. மிஸ்ஸின் கையில் அகப்பட்டு உயிர் தப்பிய ஒரு வரி, அதற்குப் பிறகு யார் வந்தாலும் அசையாது. இப்படிச் சண்டை போட்டு முடித்த கட்டுரையை நம்பித்தான் ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அவருக்கு இரண்டு வருஷ இடம் கொடுத்தது. எங்கள் நாட்டிலிருந்து இந்தத் துறையில் அப்படி ஒரு வாய்ப்பு லேசில் அமையாது.

செய்தி வந்த அன்று என் மனைவி இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "இவ்வளவு நேரம் அந்தக் கத்து கத்திட்டு, எப்படிங்க ஒண்ணா உக்காந்து சிரிக்கிறீங்க?"

ரிவர்ஸ்டன் பாதையில் கயிறு

துறை ஆட்கள் எல்லாரும் ஒரு நாள் ரிவர்ஸ்டன் மலைக்கு வேனில் போனோம். மேலே ஏறியதும் மூடுபனி கவிந்து, வேனை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. ரத்தோட்டை தாண்டியதிலிருந்து எங்கள் கட்டுரையையே புரட்டிக்கொண்டு வந்த மிஸ் இறங்கிப்போய், கூரையில் சாமான் கட்டியிருந்த கயிற்றில் ஒன்றை அவிழ்த்து வந்தார். தரையில் ஒரு கல்லை வைத்தார். கயிற்றை அதன் இடது பக்கமாகக் கிடத்தினார்.

"இந்தக் கல்லுதான் எண்ணிக்கை கெட்டுப்போற இடம். கயிறு நம்ம வரிசை. கல்லுல முட்டாம இடதுலயும் போகலாம், வலதுலயும் போகலாம். எப்படிப் போனாலும் விடை ஒண்ணுதான்னு எழுதியிருக்கோம். இப்ப இடது கயித்த வலதுக்கு இழுங்க சேர்." இழுத்தேன். கல்லில் முட்டியது. அப்படியென்றால் இரண்டு பக்கத்து விடையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

தனி ஒரு வெளியை எண்ண, கெட்ட இடத்தை விட்டு விலகிப் போக இரண்டு திசை (நாலு பரிமாணக் கணக்கில் சேராத வேறு திசை) இருந்தால் போதும். மாணவர்களுக்குப் பாடம் நடத்தி நடத்தி எங்கள் கை தானாகவே எழுதுகிற வரி அது. வரிசையாக எண்ணும்போது மூன்று வேண்டும். முதல் பக்கத்து முதல் வரியில் பழக்க தோஷத்தில் இரண்டு என்றே எழுதிவிட்டோம். அவர் கணக்கை நானும் என் கணக்கை அவரும் சல்லடை போட்டுச் சலித்தோமே தவிர, இருவருக்கும் பொதுவான அந்த வரியை யாருமே தொடவில்லை. மனம் கேட்காமல் ஏதேதோ வாதாடிப் பார்த்தேன், கயிற்றைத் தூக்கி மறுபக்கம் போட்டால் என்ன என்று கூடக் கேட்டேன். மிஸ் இல்லை என்று தலையாட்டினார். "தூக்கிறதுக்கு மூணாவது திசை வேணும் சேர். நம்ம வெளியில ரெண்டுதான் இருக்கு."

மிளகுக் கடைப் பிள்ளை

ஜெர்மனிக்கு உடனே எழுத வேண்டும் என்று மிஸ் நின்றார். துறைத் தலைவர் நல்ல மனிதர், அவருடைய கவலையும் நியாயமானதுதான். "அங்க யாருமே கவனிக்கல்ல. போய்ச் சேருங்க மிஸ். அங்க இருந்துகிட்டே திருத்திக்கலாம். இப்ப சொன்னா இடம் கைவிட்டுப் போயிரும்" என்றார். நானும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த இடத்துக்காக மிஸ் எவ்வளவு உழைத்தார் என்று பார்த்தவன் நான். அது போய்விடுமே என்று அவரைவிட எனக்குத்தான் அதிகம் பதறியது.

மிஸ் கோபப்படவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மிளகுல பப்பாசி விதை கலந்து இருந்தா, வாங்க வந்தவங்க கண்டுபிடிக்கும் மட்டும் வாப்பா அதைக் கடையில வச்சிருக்க மாட்டாரு சேர்."

திரையில் ஓர் உரை

அந்த நிலையத்தாருக்கு இணையவழியில் ஓர் உரை நிகழ்த்துவதாக ஏற்கெனவே ஏற்பாடு. மிஸ் தலைப்பை மட்டும் மாற்றினார்: "எங்கள் நிரூபணம் ஏன் பிழை." கேமராவில் படாத மூலையில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். எதை நம்பி என்னைத் தேர்ந்தெடுத்தீர்களோ அது தவறு என்றுதான் ஆரம்பித்தார். கல்லையும் பாதையையும் வரைந்து காட்டினார். மூன்று திசையுள்ள பெரிய வெளிகளில் தேற்றம் நிற்கிறது, எங்கள் வெளியில் முறுக்கு அவிழுமா அவிழாதா என்று எனக்கு இன்றைக்குத் தெரியாது என்று சொல்லி முடித்தார். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சிறந்த உரை அது. பிழையைப் பற்றி இவ்வளவு அழகாகப் பேச முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

மறுமுனையில், மிஸ்ஸைத் தேர்ந்தெடுத்த பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதே வரியை என் புதிய கட்டுரையிலும் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த கிழமை அனுப்புவதாக இருந்தேன். முடிந்தால் சொன்ன திகதிக்கு முன்னதாகவே வந்துவிடுங்கள்."

ஆக, சக துன்பப்பிராணிகளே, எங்கள் தேற்றத்தில் பாதி போய்விட்டது, கூட்டாளியும் ஜெர்மனிக்குப் போய்விட்டார், மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிகிறேன் நான்.