கங்கைகொண்ட சோழபுரத்தில் என் தூக்குக்குண்டு

நான் தா.பழூரில் கொத்தனார். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு லீவு நாளிலும் என் பையில் இருக்கும். போன மாதம் மனைவியோடு கங்கைகொண்ட சோழபுரம் போனேன். பஸ்ஸிலிருந்து எத்தனையோ முறை பார்த்த கோபுரம்தான். அதன் அடியில் போய் நின்றது அன்றுதான்.

அண்ணாந்து பார்க்கப் பார்க்க மனசு குறுகுறுத்தது. இத்தனை நூறு வருஷமாக நிற்கும் சுவர் இன்னும் நேராக இருக்குமா? சிற்பம் இல்லாத இடமாகப் பார்த்து, குண்டைத் தொங்கவிடக் கல் இடுக்கில் ஆணியை வைத்துவிட்டேன். தொழில் பழக்கம். கீழே கிடந்த கல்லை எடுத்து ஓங்கியபோது, காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்து தடுத்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க? இதுல ஆணி அடிச்சா போலீஸ் கேசாயிடும்!"

கல்லைக் கீழே போட்டு ஆணியை எடுத்தேன். மன்னிப்புக் கேட்டு விவரம் சொன்னேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"செவுத்துல படாம கையால புடிச்சுப் பாத்துட்டுப் போங்க" என்றார் அந்தப் பெண்.

பிடித்தேன். நூலுக்கும் சுவருக்கும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி. அதுவும் பூச்சே இல்லாத வெறுங்கல்!

"பாத்தியா, எங்காளுங்க வேலைய!" என்று மனைவியிடம் கத்திவிட்டேன்.

அப்போது நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் ஒரு சுவர் கால் இஞ்ச் சாய்ந்திருந்தது. "பூசுறப்ப சரியாயிடும்" என்று வீட்டுக்காரரைச் சமாளித்து வைத்திருந்தேன். மறுநாள் காலை முதல் வேலையாக அதை இடித்தேன். அவர் பதறிப்போனார்.

"பூசாமலே நேரா நிக்கணுங்க" என்றேன். இப்போது எந்தச் சுவரையும் அப்படித்தான் கட்டுகிறேன்.